கருப்பு மருதாணி என்று ஒரு மருதாணி இல்லை

சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குக் கடை விரிக்கிறேன். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மடக்கு மேசை, நாலைந்து கூடை, ஒரு தராசு. மதுராந்தகம் பக்கம் இருக்கிற என் ஒன்றே முக்கால் ஏக்கரில் விளைந்த கிச்சிலிச் சம்பா, வேர்க்கடலை, கத்திரி, கீரை. பக்கத்து உழவர்கள் கொடுத்தனுப்புகிற எள், நாட்டுச்சர்க்கரை, உளுந்து. வீடு செம்பாக்கத்தில். வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் தொடாத விளைச்சல் என்று சொல்லித்தான் விற்கிறேன், அது உண்மையும்தான். வாங்குகிறவர்கள் சான்றிதழ் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

அந்த மேசையில் இரண்டு வருடம் இன்னொரு பொருளும் இருந்தது. 'மூலிகை கருப்பு மருதாணி' என்று ஒட்டுத்தாள் ஒட்டிய பொட்டலம். நான் விளைவித்தது இல்லை. ஒரு வியாபாரி மொத்தமாகக் கொடுத்தார். காய்கறி வாங்க வருகிற அம்மாக்கள் "தலைக்கு ஏதாவது இயற்கையா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் வாங்கி வைத்தேன். 20 ரூபாய்க்கு வாங்கி 35-க்கு விற்றேன். கத்திரிக்காயில் கிடைக்காத லாபம் அதில் கிடைத்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒரு தனியார் பள்ளி ஆசிரியை வாராவாரம் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். வழக்கமாகக் கடையில் விற்கும் சாயம் போட்டால் தலை அரிக்கிறது என்று சொன்னார். "இது போடுங்க டீச்சர், நம்ம சரக்கு, பயமே இல்ல" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு துப்பட்டாவால் தலையையும் காதையும் மூடிக்கொண்டு வந்தார். நெற்றியோரம் தோல் உரிந்திருந்தது. கண் இரண்டும் வீங்கித் திறக்க முடியாமல் மூன்று நாள் கிடந்தாராம். ஊசி, மாத்திரை, பள்ளிக்கு ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு. சண்டை போடுவார் என்று நினைத்தேன். "அண்ணா, நீங்க குடுத்ததுன்னுதான் டெஸ்ட் கூடப் பண்ணாம போட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு எப்போதும் போல அரைக்கிலோ கடலை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து பொட்டலத்தை எடுத்து, பேரனின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நான் ஒட்டிய தமிழ் ஒட்டுத்தாளுக்கு அடியில், கடுகளவு ஆங்கில எழுத்தில் இருந்தது: மருதாணிப் பொடி, பாரா-பினைலின்டையமின், பேரியம் பெராக்சைடு, சிட்ரிக் அமிலம். எச்சரிக்கை வாசகத்தின் மேலேயே என் ஒட்டுத்தாள் உட்கார்ந்திருந்தது. அதை ஒட்டியது யார்? நான்தான்.

இந்தப் பொருளைத் தலைச்சாயத்தில் சேர்த்தால், முதலில் தோலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போட்டால் பார்வை போகலாம் என்று மேலே அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஐரோப்பாவில், கலந்து தலையில் வைக்கிற கலவையில் இது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் படம் வரையும் 'கருப்பு மருதாணி'யில் சேர்க்கவே கூடாது. அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான். ஒருமுறை உடம்பு இதை எதிரி என்று குறித்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது. அதன்பின் சிலருக்குக் கருஞ்சாயம் ஏற்றிய துணி உடுத்தினால்கூடத் தடிக்கும். சில மரப்பு மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகும்.

நான் சொல்ல வருவது இதுதான்: வயிற்றுக்குள் போகிறதைப் பற்றி நம் இயக்கம் முப்பது வருடமாகப் பேசுகிறது. தலையில் போகிறதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த இடைவெளியில் நஞ்சு மூலிகைப் பெயர் வைத்துக்கொண்டு நம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. எத்தனை இயற்கை அங்காடிகளில் இன்றைக்கும் அந்தப் பொட்டலம் தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள்.

இதை எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் சொன்னேன். மூத்த உழவர் ஒருவர் சிரித்தார். "நரைச்சா நரைச்சுட்டுப் போவுது, அதுக்கு இன்னா இப்ப? நம்மாழ்வார் ஐயா வெள்ளைத் தாடியோடதான ஊரெல்லாம் நடந்தாரு. அவுருக்கு அது அழகா இல்லியா?" கூட்டம் கைதட்டியது. எனக்கும் ஐயாவின் தாடி பிடிக்கும். ஆனால் அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

ஆம்பளைக்கு நரை மரியாதை. பொம்பளைக்கு அப்படியா? மேற்குத் தாம்பரத்தில் துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு முன்நெற்றியில் நாலு முடி வெளுத்தால் அவளை வாசலிலிருந்து குடோனுக்கு மாற்றுகிறார்கள். அந்த ஆசிரியையிடம் "பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குக் கொஞ்சம் பிரெசென்டபிளா வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அக்காவிடம் "உங்களால பாத்திரம் எல்லாம் கழுவ முடியுமா, வயசாயிடுச்சே" என்கிறார்கள். காவலாளி வேலைக்குப் போகிற அண்ணன்மாருக்கும் இதே கதிதான். இவர்களிடம் போய் நரை அழகு என்று உபதேசம் செய்ய, நிலமும் மீசையும் உள்ள நமக்கு என்ன தகுதி? வேண்டாம் என்கிறவர்கள் நரையோடு நிமிர்ந்து நடக்கட்டும், நல்லது. வேண்டும் என்கிறவர்களுக்கு நஞ்சில்லாத வழி ஒன்று நம் வேலியிலேயே இருக்கிறது. அதைக் காட்டுவது நம் வேலை.

மருதாணியை மருதோன்றி, அழவணம் என்றும் சொல்வோம். அதன் இலையில் லாசோன் என்றொரு நிறமி இருக்கிறது. அது முடியின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. மேலே பூசிய வண்ணம் போல உரிந்து போகாது. அந்த நிறமி செம்மஞ்சள். அதனால் வெள்ளை முடியில் மருதாணி மட்டும் வைத்தால் செம்மஞ்சளோ செம்பழுப்போதான் வரும். உலகத்தில் எந்த ஊர் மருதாணியும் தனியாகக் கருப்பு தராது. ராஜஸ்தானத்தின் சோஜத் மருதாணி 2021-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அத்தனை பேர் பெற்ற அந்த இலையும் தராது. 'மருதாணி' என்று எழுதி, அரை மணியில் கருகருவென்று ஆக்கினால், அதற்குள் வேறு ஆள் இருக்கிறான் என்று பொருள்.

கருப்பு வேண்டுமென்றால் இரண்டாவது செடி வேண்டும். அது அவுரி. நீலி என்றும் சொல்வார்கள். செம்மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் கரும்பழுப்பு, இன்னும் கொஞ்சம் ஏறினால் கருப்பு. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் எந்தப் பொட்டலமும் நம்மை ஏமாற்ற முடியாது.

இரண்டுக்கும் குணம் நேர் எதிர். மருதாணிக்குப் புளிப்பும் நேரமும் வேண்டும். இரவு ஊறவைத்தால்தான் நிறமி வெளியே வரும். அவுரிக்கு அவசரம். இலைப்பொடியில் தண்ணீர் பட்டதும் உள்ளேயிருக்கிற நொதி வேலையைத் தொடங்கி, காற்றோடு சேர்ந்து நீலமாக மாறிவிடும். அப்படி முழுக்க மாறின நீலம் முடியில் ஒட்டாது. மாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தலைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ராத்திரி ஊறவைத்துவிட்டு "அவுரி ஏறலீங்க" என்கிறவர்கள் செய்கிற தவறு இதுதான். நானும் முதலில் அப்படித்தான் செய்து, என் மனைவி பதினைந்து நாள் காரட் நிறத் தலையோடு கோவிலுக்குப் போனாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதினால் சோறு கிடைக்காது.

இப்போது வீட்டில் செய்கிற முறையைச் சொல்கிறேன். வேலியில் பறித்த மருதாணி இலையை நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் செத்துவிடும். எங்கள் அனுபவத்தில் நாலு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ போலக் காய்ந்த இலை நிற்கிறது. மிக்சியில் அரைத்து, பழைய வேட்டித்துணியில் இரண்டு தடவை சலிக்க வேண்டும். சலிக்காமல் வைத்தால் தலையில் சக்கை ஒட்டிக்கொண்டு போகவே போகாது. தோள் வரை இருக்கிற முடிக்கு 100 கிராம் பொடி போதும். காலையில் போட்ட டீத்தூளையே மறுபடி கொதிக்கவைத்த சாறு, அரை எலுமிச்சம்பழம், இட்லி மாவுப் பதம். கண்ணாடி அல்லது மண் பாத்திரத்தில் இரவு மூடிவைத்து, காலையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தலையில் அப்பி, இரண்டு மூன்று மணி நேரம். பிளாஸ்டிக் தொப்பி எதுவும் வேண்டாம். வாழையிலையைத் தணலில் வாட்டித் தலையில் சுற்றி மேலே பழைய துண்டைக் கட்டினால் ஈரம் காயாது. பிறகு வெறும் தண்ணீரில் அலச வேண்டும்.

அடுத்தது அவுரி. அதே நாளிலும் செய்யலாம், மறுநாளும் செய்யலாம். பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம். மேல்பரப்பில் லேசாக நீலம் ஓடும்போது உடனே தலைக்கு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் முதலில் பச்சையடித்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் காற்றுப் பட்டுக் கறுக்கும். அந்த இரண்டு நாள் ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாது.

குறைகளையும் சொல்லாவிட்டால் நானும் அந்த வியாபாரி மாதிரிதான். அரைநாள் போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறே போய்விடும். மைக்கருப்பு வராது, பழுப்பு கலந்த கருப்புதான். அவுரியின் நீலம் சில வாரத்தில் மங்கிச் செம்மை எட்டிப் பார்க்கும், வேரில் வெள்ளை வளரும், மறுபடி வைக்க வேண்டும். குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலைபாரம் வரும், அவர்கள் மழைநாளில் வைக்க வேண்டாம். செடிக்கும் ஒவ்வாமை வரலாம், அதனால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டே தலைக்குப் போங்கள். கைக்குழந்தைகளுக்கு மருதாணி பூச வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, தோலில் பூசிய மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்திருக்கிறது. இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்று பேசுகிற பழக்கத்தை நாம் முதலில் விட வேண்டும். அரளியும் இயற்கைதான்.

அலசுகிற தண்ணீருக்கு வருகிறேன். நாங்கள் இருக்கிற பக்கத்தில் இதுதான் பெரிய விசயம்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலான பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதானது. பாதாளச் சாக்கடை இன்னும் எல்லாத் தெருவுக்கும் வந்து சேரவில்லை. குளியலறைத் தண்ணீர் கழிவுத்தொட்டிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ போகிறது. வடிகால் ஏரிக்குப் போகிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்களே, அதே பள்ளிக்கரணை. பூநாரை வருகிறது என்று படம் எடுத்துப் போடுகிறோம். அதற்கு நாம் அனுப்புகிற தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் ரயில் தடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோமியம் போட்டுத் தோல் பதனிட்ட ஒரு பழைய ஆலையால்தான். பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்த நிலையத்துக்கு அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005-இல் திறந்தது. அயோத்திதாச பண்டிதர் பேரில் மருத்துவமனை. காலை ஆறு மணிக்கே சீட்டு வாங்க வரிசை நிற்கும். ஒரு நிலையம் வேதிப்பொருளின் பேரில், அடுத்த நிலையத்தில் மூலிகை வைத்தியம். நடுவில் இரண்டு நிமிடப் பயணம். நம் ஆட்களின் வாழ்க்கையும் இப்படித்தான் இருக்கிறது, காலையில் கீழாநெல்லி, மாலையில் டையமின்.

மருதாணி அலசின முதல் தண்ணீரை வாளியில் பிடித்து வாழைக்கு ஊற்றுகிறோம். சக்கை மட்கு குழிக்கு. ஒரு கெடுதலும் வந்ததில்லை. டையமின் சாயம் அலசின தண்ணீரை வாழைக்கு ஊற்ற எனக்குத் துணிவில்லை. வாழைக்கு ஊற்றத் துணியாததைத் தலையில் ஊற்றலாமா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம் அந்தப் பொட்டலம். ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டுகிற விலைக்கு விற்கும் வழியைக் காட்டியவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன் என்பார்கள். அவர் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் ஈயத்தாளும் ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்த வழியில்லை, பழைய பேப்பர்காரரும் வாங்க மாட்டார். கன்னடபாளையம் குப்பைமேட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு தலைக்கு ஒரு சாயப் பொட்டலம் என்றால் அதில் உறை, உள்ளுறை, கையுறை, குறிப்புத்தாள். வேலி மருதாணிக்கு ஒரு டப்பா போதும், அதுவும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

இன்னொன்று நம் வயலோடு சம்பந்தப்பட்டது. காட்டுப்பன்றி வராமலிருக்கச் சலூனிலிருந்து முடி வாங்கிவந்து வரப்போரம் தூவுகிறோம். முடியில் தழைச்சத்து அதிகம் என்று மட்கிலும் சேர்க்கிறோம். மூட்டை மூட்டையாக வருகிற அந்த முடியில் எவ்வளவு சாயம் ஏறினது என்று யாராவது பார்த்தோமா? முடியோடு சேர்ந்த சாயம் மண்ணில் என்ன ஆகும் என்று அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் வேதி உரத்தை வரப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, சாயமுடியை உள்ளே கொட்ட எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது சலூன்காரத் தம்பியிடம் சொல்லிவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முடியை மட்டும் தனிச் சாக்கில் வாங்கிக்கொள்கிறேன். அவனுக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

உழவருக்கு இதில் வருமானம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அளவோடு பேசுவோம்.

மருதாணி நல்ல உயிர்வேலி. ஆடுமாடு அவ்வளவாகக் கடிக்காது, வறட்சி தாங்கும், ஒரு தடவை பிடித்துவிட்டால் பல வருடத்துக்குக் கவலையில்லை. பென்சில் கனத்தில் ஒரு சாண் போத்தை ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றினால் பாதிக்கு மேல் பிழைக்கிறது. என் வயலின் மேற்கு வரப்பு முழுக்க அதுதான். பூத்தால் வாசம் ஊரைத் தூக்கும், தேனீ மொய்க்கும். வெயில் காலத்து இலையில் சாயம் அதிகம், மழைக்காலத்து இலை கொஞ்சம் வெளிறித்தான் பிடிக்கும். ஆகவே பறிப்பைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் இல்லாதவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாற்று வாங்கி மாடியில் பெரிய தொட்டியில் வைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு செடியே தாராளம்.

அவுரி பயறு வகைக் குடும்பம். வேரில் முடிச்சு இருக்கும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், பசுந்தாள் உரமாகவும் மடக்கி உழலாம். விதைத்தோல் கடினம், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால் சீராக முளைக்கும். மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, விட்டால் மறுபடி தழைக்கும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. தொட்டி கட்டி நீலம் எடுக்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். நான் கால் ஏக்கரில்தான் போடுகிறேன், நெல் அறுத்த பிறகு.

கால் ஏக்கருக்கு மேல் போடாததற்குக் காரணம் இருக்கிறது. நீலத்தின் வரலாறு உழவருக்கு நல்ல வரலாறு இல்லை. வங்காளத்தில் 1859-இல் உழவர்கள் நீலம் விதைக்க மாட்டோம் என்று கிளர்ந்தெழுந்தார்கள். சம்பாரணில் இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கு நீலம் போட்டே ஆகவேண்டும் என்று தோட்டத் துரைமார் கட்டாயப்படுத்தினார்கள், காந்தி 1917-இல் அங்கே போனது அதற்காகத்தான். இதற்கிடையில் 1897-இல் செருமன் ஆலை ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரியின் விலை விழுந்தது. பத்து வருடம் கழித்து, 1907-இல், பிரெஞ்சு வேதியியலாளர் ஒருவர் இதே டையமின் வகைப் பொருள்களை வைத்துத் தலைச்சாயம் செய்தார். துணியில் நம் செடியைத் தள்ளிவிட்ட அதே வேதியியல்தான் தலையிலும் தள்ளிவிட்டது. இன்று வெளிநாட்டில் 'நேச்சுரல் ஹேர் கலர்' என்று அவுரிப்பொடிக்கு மவுசு வந்திருக்கிறது. ஏற்றுமதியாளர்கள் ஒப்பந்தப் பண்ணையம் பேசிக்கொண்டு வருகிறார்கள். நெல்லை எடுத்துவிட்டு அஞ்சு ஏக்கர் அவுரி போடச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். மவுசு போனால் அவுரியை ஆக்கித் தின்ன முடியாது. வரப்பில் மருதாணி, ஊடுபயிராகவோ இடைப்போகமாகவோ அவுரி. பொடியாக்கி, நம் சொந்த வாடிக்கையாளருக்கு நாமே விற்பது. அந்த அளவில்தான் இது நமக்குப் பாதுகாப்பு.

இயற்கை அங்காடி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பொட்டலத்தில் ஒரே பூச்சில் கருப்பு என்று சொல்லும் எதையும் அடுக்கில் வைக்காதீர்கள். மருதாணியும் அவுரியும் தனித்தனியாக விற்கட்டும். உள்ளே இருப்பது என்ன என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் எழுதட்டும். பொடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மருதாணி காக்கிப் பச்சையாக இருந்து மெல்ல மெல்லச் செம்பழுப்பு விடும். அவுரி பச்சையாக இருந்து மேலே நீலம் ஓடும். போட்டதும் கன்னங்கரேலென்று ஆனால் திருப்பி அனுப்புங்கள். "இதுல லாபமே அதுலதானே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கும் கணக்குத் தெரியும். மாதம் ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு போச்சு. கத்திரிக்காயில் அதைப் பிடிக்க முடியவில்லை, இன்னும் பிடிக்கவில்லை.

டீச்சருக்கு இனி எந்தச் சாயமும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் பொறுத்து, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முழங்கையில் வைத்துப் பார்த்து, என் வேலி மருதாணியை மட்டும் போட்டுக்கொள்கிறார். அவுரி பக்கம் போகவில்லை. தலை செம்பட்டையாக இருக்கிறது. பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "பசங்க 'மிஸ், சூப்பரா இருக்கு'ன்னாங்க. பெரியவங்கதான் ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றார். பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கூடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

மீந்த 43 பொட்டலம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வியாபாரி திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். குப்பையில் போட்டால் எரிப்பார்கள் அல்லது ஏரிக்குப் போகும். மண்ணில் புதைக்க மாட்டேன். பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி, பம்பு செட்டு அறையில் வைத்திருக்கிறேன். இதைப் பத்திரமாக ஒப்படைக்க இடம் தெரிந்தவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் மருதாணி வேலியைக் கவாத்து செய்வேன். எழுபது எண்பது போத்து தேறும். வேண்டுகிறவர்கள் ஞாயிறு காலை சேலையூர் மேசைக்கு வரலாம். ஈரச்சாக்கு மட்டும் கொண்டு வாங்க.